டெம்போவுக்கு எண்ணெய் தேய்த்த வருஷம்

மே மாசக் கடைசியில் நம்ம வயசுக்காரிகள் நாலு பேர் கூடினால் போதும், பேச்சு எங்கே தொடங்கினாலும் மழையில் வந்து நிற்கும். ஒருத்தி மண்வாசனை என்பாள். ஒருத்தி சூடான பஜியா என்பாள். நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்று உங்களுக்கு ஒரு புகார். "ஏட்டி, உனக்கு மழைன்னா ஆகாதோ?" என்று போன தடவைகூடக் கேட்டீர்கள். ஆகும். ஒரு வருஷம் அதற்காக நான் காத்துக் கிடந்த மாதிரி யாரும் காத்துக் கிடந்திருக்க மாட்டீர்கள். அது எண்பதுகளில், நமக்கெல்லாம் ரெட்டைச் சடையும் ரிப்பனும் இருந்த காலம்.

எங்கள் வீடு தாராவியில், ஒரு டெம்போ நுழைந்தால் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில். கீழே வாப்பாவின் கடை, கடைக்குப் பின்னால் அடுப்பு, மேலே ஏணி வைத்து ஏறுகிற பரண். பரணில்தான் படுக்கை. உம்மா மட்டும் கீழேயே, வாசலை ஒட்டிப் பாயைப் போட்டுக்கொள்வாள். அடைத்த இடம் அவளுக்கு ஆகாது. லோக்கல் ரயிலில் கூட்டம் நெருக்கினால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்துவிடுவாள். "யாரோ வாயப் பொத்துன மாதிரி இருக்கு" என்பாள். வாப்பா சிரிப்பார். "பம்பாய்ல வந்து மூச்சு விட எடம் கேக்கா பாரு, இவ பெரிய கலெக்டர் மக!"

வாப்பாவுக்கு ரெக்சின் வேலை. டெம்போவின் பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டிக்கு மேலே கூடாரம் மாதிரி வளைத்துக் கட்டுவார்களே கறுப்பு உறை, அது. புதுசு தைப்பார், கிழிந்ததற்கு ஒட்டுப் போடுவார். மழைக்கு முன்னால் வெயிலில் காய்ந்து வெடித்த உறைகளையெல்லாம் மெருகேற்றிக் கொடுப்பார். அந்த ரெண்டு மாசந்தான் அவருக்கு வருஷம். மற்ற நாளெல்லாம் ஸ்கூட்டர் சீட்டும் சூட்கேஸ் கைப்பிடியுந்தான்.

வண்டியில் மாட்டின உறையைக் கழற்றாமலே ஒட்டுப் போடுவதில் வாப்பாவுக்கு நல்ல பேர். அதற்கு ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் வெளியே நின்று கோணி ஊசியைக் குத்துவார். இன்னொருத்தர் தொட்டிக்குள்ளே உட்கார்ந்து அதை வாங்கி, ஒரு நெல்லளவு தள்ளித் திருப்பிக் குத்தி அனுப்புவார். உள்ளே இருந்தது என் சாச்சா, வாப்பாவின் தம்பி. அந்த வருஷம் சாச்சாவுக்கு சவூதி விசா வந்தது. போகும்போது விரலில் போடுகிற பித்தளை மூடியைக் கழற்றி என் கையில் வைத்து, "ஊசி குத்தாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டுக்குத்தான் கொடுத்தார் என்று நினைத்தேன்.

சாச்சா போன அதே மாசந்தான் நான் பெரியவளானதும். உம்மா பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்க வைத்தாள். அதோடு தெரு, குழாயடி, கடைவாசல் எல்லாம் மூடிப்போயிற்று. நான் அப்போதுதான் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது முடித்திருந்தேன். எட்டாவதுக்கு வேறே பள்ளிக்கூடம் போக வேண்டும். ஏழாவது டீச்சர், மாதுங்காவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், கடைசி நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஹைஸ்கூல்லே உன் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன். ஜூன்லே வந்து சேர்ந்துடணும். விட்டா இடம் கிடைக்காது, ஆமா" என்றார்.

வாப்பா யோசித்தார். தலையைச் சொறிந்தார். கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். "சரி. முதல் மழை விழட்டும். வேலை ஓஞ்சிரும். துப்பட்டியப் போட்டுக்கிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் சாச்சா எடத்துல இவ உக்காரட்டும்."

உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாசல்லயே நிக்கக் கூடாதுன்னு சொன்னீக. இப்ப வண்டியில உக்காரச் சொல்லுதீக?"

"வண்டிக்குக் கூரை இருக்கா? சுவர் இருக்கா? வெளிய இருந்து பாத்தா உள்ள தெரியுமா? அப்ப அதுவும் வீடுதான்."

"வீட்டுக்குச் சக்கரம் உண்டுமோ?"

"உனக்கு வாய் மட்டும் சக்கரம் கட்டுன மாதிரி ஓடும். நீ ஏறி உக்காருதியா?"

உம்மா அடுப்புக்குத் திரும்பிக்கொண்டாள்.

அப்படித்தான் நான் உள்ளே போனேன். டெம்போவின் பின்பக்கம் கடை வாசலைத் தொடுகிற மாதிரி நிறுத்துவார்கள். நான் கடையிலிருந்து ஒரே எட்டில் தொட்டிக்குள் ஏறிவிடுவேன். பின்னால் உறையை இறக்கி, பித்தளைக் கண்களில் கயிறு கோத்து இறுக்கிவிடுவார் வாப்பா. அப்புறம் வேலை முடிகிறவரைக்கும் நானும் இருட்டுந்தான்.

மே மாச வெயிலில் ரெக்சினுக்குள் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். புது ரெக்சினுக்கு ஒரு வாசம் உண்டு. முதலில் புதுச் செருப்புக்கடை மாதிரி இனிக்கும். கொஞ்ச நேரத்தில் அதுவே தொண்டையில் எண்ணெயாகப் படியும். வெளிச்சம் ஊசி ஓட்டைகள் வழியாகத்தான் வரும். கையை நீட்டினால் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக விழும். சாச்சாவின் பித்தளை மூடி என் விரலுக்குப் பெரிசு. துணி சுருட்டி உள்ளே அடைத்துப் போட்டுக்கொள்வேன்.

பேசக் கூடாது. இருமக் கூடாது. வெளியே வாடிக்கைக்காரர்கள் நிற்பார்கள் இல்லையா, பெண்குரல் கேட்கலாமா! எங்கள் பேச்செல்லாம் ஊசியில்தான். வாப்பா விரலால் தட்டுவார், தட்டின இடத்தில் ஊசி வரும். வாங்கித் திருப்பி அனுப்புவேன். ரெண்டு தடவை ஆட்டி அனுப்பினால் எனக்குத் தண்ணி வேண்டும் என்று அர்த்தம். "உள்ள யாரு மியான்?" என்று யாராவது கேட்டால், "லட்கா ஹை" என்பார் வாப்பா. பையன். "பேசவே மாட்டேங்குறான், நல்ல பையன்" என்று ஒருத்தர் பாராட்டிவிட்டுக்கூடப் போனார். நான் உள்ளே உட்கார்ந்து முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கொஞ்ச நாளில் சிரிப்பும் நின்றுபோயிற்று.

பள்ளிக்கூடத்தை நினைப்பேன். மழையை நினைப்பேன். ரெண்டும் எனக்கு ஒன்றுதான். வாப்பா சொன்ன சொல் அப்படி.

இனிமேல்தான் எண்ணெய் விஷயம். மெருகுக்கு மற்ற கடைக்காரர்கள் ஏதோ டப்பா வாங்கிப் பூசுவார்கள். வாப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "முடி கறுப்பா மினுமினுன்னு இருக்கதுக்கு நம்ம என்ன செய்யுதோம்? தேங்கா எண்ணெ. முடியும் கறுப்பு, ரெக்சினும் கறுப்பு. முடிக்கு ஆனது இதுக்கு ஆகாதா?" என்று ஒரு நாள் கண்டுபிடித்தார். தேங்காய் எண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்து, இளகுவதற்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஒரு தகரத்தில் கலக்கி வைத்தார். பேர் வேறே வைத்தார்: தைலம்.

வண்டிக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரியேதான் வைத்தார். உச்சியில் ஊற்றி ரெண்டு கையாலும் அரக்கித் தேய்ப்பார். மடிப்பு, தையல், ஓரம் ஒன்றையும் விட மாட்டார். நான் உள்ளேயிருந்து பலகையால் தாங்கிக்கொள்வேன். தேய்க்கத் தேய்க்க என் தலைக்கு மேலே ரெக்சின் சூடாகி முனகும். வேலை முடிந்து பார்த்தால் உறை கல்யாண மாப்பிள்ளை தலை மாதிரி பளபளக்கும். டிரைவர்கள் அதில் முகம் பார்த்து மீசை நீவினார்கள். அந்த மே மாசம் எங்கள் சந்துக்கு வந்த டெம்போ எல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் போனது. பாவ் ரொட்டி கொண்டுபோகிற பேக்கரி டெம்போ ஒன்று, புதுசாய் வெள்ளை பெயிண்ட் அடித்தது, அதுவும் போனது. அந்த பேக்கரிக்காரரிடம் வாப்பா கிளம்பும்போது சொன்ன புத்திமதி எனக்கு உள்ளே கேட்டது.

"எப்பவும் இறுக்கிக் கட்டியே வைக்காதீங்க சேட். அப்பப்ப தூக்கிவிட்டுக் காத்துப் பட வைங்க. இல்லேன்னா உள்ளயே புழுங்கி ஒட்டிக்கிடும்."

ரெக்சினைத்தான் சொன்னார்.

மழை வந்தது. ஜூன் பிறந்த கையோடு, ஒரு மத்தியானம். நான் ஒரு காய்கறி டெம்போவுக்குள் இருந்தேன். முதலில் தலைக்கு மேலே ஒரு சொட்டு, யாரோ விரலால் தட்டின மாதிரி. வாப்பாதான் தட்டுகிறார் என்று ஊசியைத் தேடினேன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் கூரை முழுக்க. சத்தம் போடக் கூடாது என்பதையே மறந்து "உம்மா, மழை! மழை!" என்று கத்தினேன். உம்மா ஓடிவந்து பின்கயிற்றை அவிழ்த்தாள். அவள் முகத்திலும் சிரிப்பு. அன்று சாயங்காலமே பரணில் இருந்து என் பையை எடுத்துத் தட்டி வைத்தேன்.

மறுநாள் காலையில் சந்து வாயிலிலிருந்தே ஹாரன் சத்தம். பேக்கரிக்காரர் இறங்கினார். "க்யா கியா மியான்! காடி ரோ ரஹீ ஹை!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். வண்டி அழுகிறது என்று அவர் சொன்னது பொய்யில்லை. உச்சியிலிருந்து கரியும் எண்ணெயும் மழையோடு இறங்கி, வெள்ளைப் பக்கமெல்லாம் கறுப்புக் கோடு கோடாக, மை தீட்டின கண் அழுது வடிந்த மாதிரி நின்றது. அவருக்குப் பின்னால் காய்கறிக்காரர். அவருக்குப் பின்னால் இன்னும் வண்டிகள்.

இதில் ரொம்பக் கொதித்தது வாடிக்கைக்காரர்கள் இல்லை, பக்கத்துக் கடைப் பெயிண்டர் அண்ணாச்சி. அந்த வெள்ளை பெயிண்ட் அவர் அடித்தது.

"ஏன் வே, ஊர்ல பொம்பளைக தலைக்குத் தேய்க்கத எல்லாம் வண்டிக்குத் தேச்சீரு. பெறகு சீயக்கா போட்டுக் குளிப்பாட்ட வேண்டியதுதான? என் பெயிண்டு மூஞ்சில ஏன் வே வழிய விட்டீரு?"

வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, "முடிக்கு நல்லாத்தான இருக்கு" என்று முணுமுணுத்தார்.

"முடி உறிஞ்சும். ரெக்சின் உறிஞ்சுமா? அது மேலயே நிக்கும், மழை வந்தா எறங்கும். எண்ணெ வச்ச புள்ளைக்கு நெத்தி வழிஞ்சா ஆத்தாக்காரி என்ன செய்வா? முந்தானையால தொடச்சுக்கிட்டே இருப்பாள்ல? அந்தப் புத்தி வேணாமா?"

திட்டிக்கொண்டேதான் வழியும் காட்டினார் அண்ணாச்சி. முதலில் பெயிண்ட்டை நன்றாக நனைத்துவிட வேண்டும். ஈரத்தின் மேல் விழுந்த அழுக்கு ஒட்டாது, வழிந்து போய்விடும். அப்புறம் உறையைச் சோப்புத் தண்ணியால் மேலிருந்து கீழாகக் கழுவி, காய்வதற்குள்ளேயே பெயிண்ட்டின் மேல் இன்னொரு தரம் தண்ணி ஊற்ற வேண்டும். உறை எலும்பு மாதிரிக் காய்ந்த பிறகுதான் மெருகு. அதையும் உறையில் ஊற்றக் கூடாது. துணியில் தொட்டுப் பேருக்குத் தடவி, கொஞ்சம் பொறுத்து, வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணி வெள்ளையாகவே திரும்பி வருகிறவரைக்கும். முக்கியமாக அடி ஓரமும் தையலும், எண்ணெய் ஒளிந்துகொள்கிற இடம் அதுதான். கரியே கூடாது. உம்மா நிஜமாகவே பெரிய பானையில் சீயக்காய் காய்ச்சினாள். பழைய தைலம் அதற்குத்தான் விட்டது. சந்து முழுக்க வெள்ளிக்கிழமைக் குளியல் வாசம்.

ஊறி இளகின உறைகளில் பழைய ஒட்டுகள் எல்லாம் பிரிந்துபோயிருந்தன. திரும்பத் தைக்க வேண்டும். வாப்பா என்னைப் பார்க்காமல், கையிலிருந்த துணியைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வண்டிகள மட்டும் முடிச்சிருவோம் புள்ள. நம்ம பேரு கெட்டுப்போச்சுல்ல. இன்னும் கொஞ்ச நாள்."

அந்தக் கொஞ்ச நாளுக்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

மழையில் ரெக்சினுக்குள் இருப்பது வெயிலைவிட மோசம். சுவரெல்லாம் வேர்க்கும். நூல் நனைந்து கையை அறுக்கும். ஒரு நாள் காலையில் நான் பேக்கரி டெம்போவுக்குள் இருக்கும்போதே வண்டி குலுங்கிக் கிளம்பிவிட்டது. வாப்பா சோப்பு வாங்கப் போயிருந்தார். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து டிரைவர் எடுத்துவிட்டான். பின்னால் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பயம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். சந்து தாண்டி ரோட்டுக்கு வந்ததும் கயிறு கோக்கும் பித்தளைக் கண்ணில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மழைத்தண்ணி தேங்கின ரோட்டோரம், நம்ம கூட்டாளிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நீல பாவாடை, வெள்ளை ரிப்பன். ஒருத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். உங்களில் யாராவது அதில் இருந்திருப்பீர்கள். அந்த வண்டியைத் திரும்பிப் பார்த்திருந்தால் ஒரு கறுப்பு உறைதான் தெரிந்திருக்கும். நல்ல மெருகு, ஒரு கோடு கிடையாது.

வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் என்றுதான் நினைத்தேன். சிக்னலில் வாப்பா மூச்சிரைக்க ஓடிவந்து பிடித்துவிட்டார். "உள்ள என் சாமான் இருக்கு" என்று டிரைவரிடம் சொன்னார்.

சாமான் என்றதைத்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் டீச்சர் வந்தார். தூறலில் குடையோடு, சந்தில் யார் யாரிடமோ வழி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நான் உள்ளே, வாப்பா வெளியே, நடுவில் ஒரு பெரிய ஒட்டு. குரல் கேட்டதும் காதை ரெக்சினோடு ஒட்டவைத்துக்கொண்டேன்.

"உங்க பொண்ணு எங்கே? அட்மிஷன் முடியப் போறது. நாளைக்குள்ளே வந்தாத்தான் உண்டு."

தையல் நிற்கவில்லை. ஊசி ஒன்று உள்ளே வந்தது, நான் திருப்பி அனுப்பினேன்.

"ஊருக்கு அனுப்பிட்டோம் டீச்சர்" என்றார் வாப்பா. "அவ பெரியும்மா வீட்டுக்கு."

"அங்கே படிக்கறாளா?"

"பாத்துக்கிடுவாங்க."

அடுத்த ஊசி வந்தது. என் முகத்துக்கு நேரே, பாதி உடம்பு உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பிடித்தேன். இழுத்தேன். திருப்பி அனுப்பவில்லை.

வாப்பா தட்டினார். நான் அசையவில்லை. இன்னொரு தரம் தட்டினார். நூலை மெதுவாக இழுத்துப் பார்த்தார். நான் நூலைக் கையில் சுற்றிக்கொண்டேன். ரெக்சினுக்கு அந்தப் பக்கம் அவர் கை, இந்தப் பக்கம் என் கை. நூல் விறைத்து நின்றது.

"உள்ளே யாரு?" என்று கேட்டார் டீச்சர்.

"பையன்."

"பேர் என்ன? கூப்பிடுங்கோ, பார்க்கலாம்."

வாப்பா வாயிலிருந்து ஒரு பேரும் வரவில்லை. இருக்கிற எத்தனையோ பேரில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பொய்யில் அவர் அவ்வளவு தூரந்தான் போக முடிந்தது போலிருக்கிறது.

அப்போது கடைக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது. "அவ நாளைக்கு வந்திருவா டீச்சர்."

"ஊரிலேர்ந்து நாளைக்குள்ளே எப்படி வருவா? வண்டி கிடைக்குமா?"

"வண்டி இங்கதான் நிக்கி" என்றாள் உம்மா.

உறையின் மேல் டீச்சரின் கை வந்து அமர்ந்தது. உள்ளேயிருந்து பார்த்தபோது அஞ்சு விரலும் ரெக்சினில் பதிந்து தெரிந்தன, என் முகத்துக்கு ரொம்பக் கிட்டே. "பத்து மணிக்கு ஆபீஸ் திறப்பா. நான் வாசல்லே நிக்கறேன்" என்று அந்தக் கை இருந்த பக்கம் பார்த்தே சொன்னார். வாப்பாவிடம் சொல்லவில்லை. கையை எடுத்தபோது வாப்பா அவசரமாக டீச்சரின் வெள்ளைப் புடவையைத்தான் பார்த்தாராம், கறை பட்டுவிட்டதோ என்று. ஒரு சொட்டுகூட இல்லை. உம்மா பின்னால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

டீச்சர் போன பிறகு வாப்பா பின்கயிற்றை அவிழ்த்தார். திட்டவில்லை. என் கையில் நூல் அறுத்திருந்த இடத்தைப் பார்த்தார். "நாளைக்கு உள்ள யாரு உக்காருவா?" என்று மட்டும் கேட்டார், யாரையும் கேட்காத மாதிரி. உம்மா என் விரலிலிருந்த பித்தளை மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் துப்பட்டியால் தலையும் உடம்பும் மூடிக்கொண்டு போனேன். டீச்சர் சொன்ன மாதிரியே வாசலில் நின்றார். இடம் கிடைத்தது. புதுப் புத்தக வாசம், பெஞ்சு, கரும்பலகை, சன்னல். சன்னலை ஒட்டினாற்போல உட்கார இடம் கேட்டு வாங்கினேன்.

சாயங்காலம் திரும்பி வரும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடை வாசலில் பேக்கரி டெம்போ நின்றது, கயிறு அவிழ்ந்து கிடந்தது. உம்மா படியில் உட்கார்ந்திருந்தாள், நட்ட நடு மழையில், தலைத் துணிகூட இல்லாமல். விரலில் சாச்சாவின் மூடி. எனக்கு வேண்டியிருந்த துணிச்சுருள் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, வீங்கின விரலில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மூக்கு நுனியில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன உம்மா மூக்குல?" என்றேன்.

"ஊசி ஓட்டை இருக்குல்ல புள்ள, உள்பக்கம் தைலக் கரி இன்னும் போகாத எடம், அதுல மூக்க வச்சுக்கிட்டே இருந்தேன்."

"மூச்சு முட்டுச்சா உம்மா?"

"எடம் கிடைச்சுதா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

"உள்ள வா உம்மா, நனையுதே."

"நீ போ" என்றாள். முகத்தை மேலே தூக்கி, வாயை லேசாகத் திறந்துகொண்டாள். "நான் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன்."

மூக்கிலிருந்த கறுப்பு மழையில் கரைந்து, கன்னத்தில் ஒரு கோடாக இறங்கியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.